பேப்பர் கட்டு வந்துருச்சா அண்ணே?

வாசகர் கேள்வி – பதில்: கொடைக்கானல் பக்கம்

போன மாசம் வில்பட்டியில இருந்து ஒரு அக்கா "30 வருஷமா வாங்கிட்டிருந்த பேப்பர நிறுத்திட்டோம், தப்பா?"ன்னு கேட்டிருந்தாங்க. நான் பாட்டுக்கு "பால நிறுத்தலைல்ல, அப்பச் சரி"ன்னு ஒரே வரியில பதில் போட்டுட்டேன். அதுக்கு வந்த வசவு இருக்கே, இந்தப் பக்கம் எழுத ஆரம்பிச்சதுல இருந்து இவ்ளோ வாங்குனதில்ல. அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அதே விஷயந்தான். பேரு போடாதீங்கன்னு பாதிப் பேரு சொன்னதால எல்லாருக்கும் ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

மூஞ்சிக்கல், ரிட்டயர்டு வாத்தியார்: செய்தியெல்லாம் ஃபோன்லயே ஓசியில வந்துருது. பேப்பர்காரங்க விக்கலைன்னு பொலம்புறாங்க. செய்திய ஒழுங்கா போட்டிருந்தா நாங்க ஏன் நிறுத்தப் போறோம்?

கோவம் சரி சார், கணக்குதான் தப்பு. பேப்பர்காரங்க செய்தி வித்துப் பொழச்சதே இல்ல. நீங்க காலையில குடுக்குற காசுல ஏஜென்ட் கமிஷன், கடைக்காரர் கமிஷன், வண்டி வாடகை எல்லாம் போக மிச்சம் இருக்குறது வெறுங் காகிதம் வாங்கவே பத்தாது. அந்தக் காகிதத்துலயும் பெரும் பங்கு கப்பல்ல வர்றது, 2019 பட்ஜெட்ல அதுக்கு 10 சதவீதம் வரி போட்டு, இவங்க கத்துன கத்துல 2020ல 5 ஆக்குனாங்க.

அப்ப யாரு காசுல ஓடுச்சு? பழைய ஞாயித்துக்கிழமை பேப்பர ஞாபகப்படுத்திப் பாருங்க. மணமகள் தேவை, வேலைக்கு ஆள் தேவை, வீடு வாடகைக்கு, மாருதி 800 நல்ல கண்டிஷன், காணவில்லை, கண்ணீர் அஞ்சலி, மூணாமாண்டு நினைவு அஞ்சலி, எந்தத் தியேட்டர்ல என்ன படம், தங்கம் என்ன வெல. ஒருத்தன் பொண்ணுக்கு வரன் பாக்க வாங்குனான், ஒருத்தன் வேலைக்கு வாங்குனான், எங்கப்பா ராசிபலனுக்கு வாங்குனாரு. நகராட்சிக் கூட்டத்துல குடிதண்ணிக்கு யாரு சண்ட போட்டாங்கன்னு படிக்கிறதுக்காக மட்டும் காசு குடுத்தவன நான் பாத்ததில்ல. ஆனா அந்தச் செய்தியும் அதுல வந்துச்சுல்ல? டிக்கெட் எடுத்த அம்பது பேரு காசுல பஸ்ஸு ஓடுறப்ப அம்மா மடியில உக்காந்து ஓசியில போற கைக்குழந்த மாதிரி, செய்தி விளம்பரக்காரன் மடியில உக்காந்து ஊரு வந்து சேந்துச்சு.

இன்டர்நெட்டு வந்து மொதல்ல குழந்தைய ஒண்ணும் பண்ணல, டிக்கெட் எடுத்தவங்கள ஒவ்வொருத்தரா எறக்கி வேற வண்டியில ஏத்திருச்சு. 1995ல சான் பிரான்சிஸ்கோவுல க்ரெய்க் நியூமார்க்னு ஒருத்தர் ஊர்ல என்ன விசேஷம்னு சிநேகிதங்களுக்கு மெயில் அனுப்ப ஆரம்பிச்சாரு, அது வளந்து க்ரெய்க்ஸ்லிஸ்ட் ஆகி, பேப்பர்ல வரிக்கு இவ்ளோன்னு காசு குடுத்துப் போட்ட விளம்பரத்துல முக்கால்வாசிய சும்மாவே போட்டுக்கலாம்னு ஆச்சு. இங்க 1997ல நவ்க்ரிங்கற சைட்டு வந்து வேலை விளம்பரத்த எடுத்துக்கிச்சு, கல்யாணத்த மேட்ரிமோனி சைட்டுங்க எடுத்துக்கிச்சு, பழைய வண்டியும் பீரோவும் ஓஎல்எக்ஸுக்குப் போயிருச்சு, கண்ணீர் அஞ்சலி கூட இப்ப ஸ்டேட்டஸ்ல வந்துருது. அமெரிக்கப் பேப்பருங்களோட விளம்பர வருமானம் 2005ல கிட்டத்தட்ட 49 பில்லியன் டாலர், 2020ல 10 பில்லியனுக்கும் கீழ. டென்வர்னு அவங்க ஊர் மலையடிவாரத்துல ராக்கி மவுன்டன் நியூஸ்னு ஒரு பேப்பர், 1859ல ஆரம்பிச்சது, 150 வருஷம் முடிய ரெண்டு மாசம் கூட இல்ல, 2009 பிப்ரவரி 27ஆம் தேதி கடைசி பேப்பர் போட்டு மூடிட்டாங்க. செய்தி நல்லா இல்லாம மூடல சார், நல்ல பேப்பரு.

நம்ம ஊருக்கு இது லேட்டா வந்ததுக்குக் காரணம் டேட்டா வெல. ஒரு ஜிபிக்கு 200, 250னு குடுத்துட்டிருந்தோம், 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, அப்புறம் எல்லாக் கம்பெனியும் வெலயக் கொறச்சாங்க, டீக்கடைப் பெஞ்சுல பேப்பருக்குக் காத்துட்டிருந்தவன் கையில ஃபோன் வந்துருச்சு. அதோட 2020 லாக்டவுன், பேப்பரத் தொட்டா கொரோனா ஒட்டும்னு பயந்து நிறுத்துன வீடுங்க பாதி திரும்பி வரவே இல்ல, மீதிப் பேரு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் படிச்சுப் பழகிட்டாங்க. 1941ல ஆரம்பிச்ச கல்கி பத்திரிகையே அந்த வருஷந்தான் அச்ச நிறுத்திட்டு இணையத்துக்குப் போச்சு.

இப்ப மிச்சம் இருக்குற டிக்கெட்டு யாரு தெரியுமா? அரசாங்கம், நகைக்கடை, தனியார் காலேஜு, அப்புறம் பேங்க் ஏல நோட்டீஸ். ஏல நோட்டீஸ் ஏன் போகலைன்னா, கடன் கட்டாதவங்க சொத்த பேங்க் கையகப்படுத்துனா ரெண்டு பேப்பர்ல போடணும், அதுல ஒண்ணு உள்ளூர் மொழியில இருக்கணும்னு 2002ல இருந்து விதி இருக்கு. விதி இல்லைன்னா அதுவும் போயிருக்கும். இந்த நாலு பேரு காசுல வண்டி ஓடுறப்ப அந்த நாலு பேரப் பத்தி உள்ள என்ன எழுத முடியும்னு நீங்களே யோசிங்க. எனக்குப் பேப்பர் மேல இருக்குற நெசமான வருத்தம் அதுதான்.

நாயுடுபுரம்: 'இந்த ஊரில் நடந்த அதிர்ச்சி... கடைசியில் என்ன ஆச்சு தெரியுமா?'ன்னு போடுறாங்க, உள்ள போனா ஒண்ணுமே இல்ல. இந்தக் கேவலம் இன்டர்நெட்டால வந்ததுதான?

பெட்டிக்கடை வாசல்ல கம்பியில தொங்குமே போஸ்டரு, 'பிரபல நடிகர் திடீர்...'னு பெருசா போட்டு கீழ எறும்பு சைஸ்ல 'வெளிநாடு பயணம்'னு இருக்குமே, மறந்துட்டீங்களா? தாத்தா பண்ணதத்தான் பேரன் பண்றான். என்ன, தாத்தா ஒரு நாளைக்கு ஒரு தடவ ஏமாத்துனாரு.

பூம்பாறை, பூண்டு விவசாயி: வடுகபட்டி சந்த ரேட்டு எனக்கு காலையில வாட்ஸ்அப்ல வந்துருது. எங்க ஊருக்குப் பேப்பர் வர்றது மத்தியானம். எனக்கு எதுக்குங்க பேப்பரு?

ரேட்டுக்காகன்னா வேணாம்ணே. நானே சொல்றேன், எனக்குத் தெரியும், ஏன்னா 14 வயசுல நான் அந்தக் கட்டப் பிரிச்சவன்.

மதுரையில ராத்திரி அச்சாகி வண்டியில ஏறி வத்தலக்குண்டு வந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்திப் பெருமாள்மலை தாண்டி மேல வர்றப்ப பலபலன்னு விடியும். கட்ட எறக்குனா மேலயும் கீழயும் இருக்குற நாலஞ்சு பேப்பர் பனியில நனஞ்சு சொதசொதன்னு இருக்கும், அதத் தனியா எடுத்து டீக்கடைங்களுக்குன்னு வெச்சிருவாரு ஏஜென்ட், ஏன்னா டீக்கடைக்காரர் சண்டைக்கு வர மாட்டாரு, அடுப்புக்கிட்ட வெச்சா பத்து நிமிஷத்துல காஞ்சுரும். மங்கி கேப்பப் போட்டுக்கிட்டு நாங்க நாலு பசங்க தரையில உக்காந்து இணைப்பு சொருகணும், துணிக்கடை பிட் நோட்டீஸ் இருந்தா அதையும் சொருகணும், நோட்டீஸுக்கு மட்டும் தனிக் காசு, அந்தக் காசுலதான் நான் பன் பட்டர் ஜாம் தின்னேன். விரல் கருப்பாயிரும், அந்தக் குளிருல சோப்பு போட்டா போகாது. எல்லாம் முடிஞ்சு உங்க ஊர்க் கட்டு பஸ்ஸு ஏறுறப்ப, உங்க பூண்டு மூட்டை எதிர் வண்டியில வடுகபட்டிக்கு எறங்கிட்டிருக்கும். அதாவது நேத்து வித்த வெலய இன்னிக்கு மூட்டை போனதுக்கு அப்புறம் நீங்க படிக்கிறீங்க! அப்படி ஒரு சர்வீஸுக்கு நீங்க இத்தன வருஷம் காசு குடுத்ததே பெருசு.

ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த வாட்ஸ்அப் குரூப்புல ரேட்டு போடுறது யாரு? கமிஷன் மண்டிக்காரரா? உங்க பூண்ட வாங்குறதும் அவரேவா? பேப்பர்ல வந்த ரேட்டு பழசுதான், ஆனா அத எழுதுனவனுக்குப் பூண்டு வாங்குற வேல இல்ல. ரெண்டு மூணு மண்டிக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் மூட்டைய ஏத்துங்க. ஒருத்தர் சொல்ற ரேட்டு அவரு வாங்க நெனைக்கிற ரேட்டு.

பெருமாள்மலை: பாதரச ஆலை விஷயத்துல பேப்பருங்க பல வருஷம் எழுதியும் நடக்காதது ஒரு யூடியூப் வீடியோவால நடந்துச்சே. அப்ப பேப்பர் எதுக்கு?

இந்தக் கேள்விய நானும் ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கேன். தெரியாத சின்னப் பசங்களுக்காகச் சுருக்கமா: 1980கள்ல நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன்ல இருந்து கழட்டிக் கொண்டாந்து நம்ம மலையில வெச்ச தெர்மாமீட்டர் ஆலை (பின்னாடி இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது, அதுக்கு மேல லண்டன் யூனிலீவர்), 2001 மார்ச்சுல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில பாதரசக் கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல கெடந்தது வெளிய வந்து மூடுச்சு. 2006ல முன்னாள் தொழிலாளிங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. 2015 ஜூலை கடைசியில சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப் பாடுன ராப் வீடியோ வந்து கொஞ்ச நாள்லயே பத்து லட்சத்தத் தாண்டிப் பாத்தாங்க, 2016 மார்ச்சுல 591 முன்னாள் தொழிலாளிங்களோட கம்பெனி உடன்பாட்டுக்கு வந்துச்சு.

இதுல பேப்பர் எங்க தோத்துச்சுன்னா, எடிஷன்ல. நம்ம ஊர்ச் செய்தி திண்டுக்கல் மாவட்டத்துக்குன்னு அச்சடிக்கிற பக்கத்துல வரும், அந்தப் பக்கம் மதுர டவுன்லயே வராது, அங்க வேற பக்கம் ஓடும். வத்தலக்குண்டு எறங்கி கொஞ்ச தூரம் போனா நம்ம செய்திக்கு ஆயுசு முடிஞ்சுது. நாம எல்லாரும் படிச்சோம், படிச்சிட்டு நமக்குள்ளயே பொலம்புனோம், லண்டன்ல முடிவெடுக்குறவன் காதுல அது விழணும்னா எப்படி விழும்? வீடியோவுக்கு எடிஷன் கெடையாது. அது நெசமான பலம், ஒத்துக்குறேன்.

ஆனா அந்த மூணு நிமிஷப் பாட்டுல நிக்குற விஷயம் எல்லாம் எங்க இருந்து வந்துச்சு? பதினாலு வருஷமா ஃபைலு சொமந்த தொழிலாளிங்க, மண்ணு எடுத்து டெஸ்டு பண்ணவங்க, கோர்ட்டு வாசல்ல நின்னு எழுதுன நிருபருங்க, இவங்க சேத்து வெச்சது. பாட்டு நெருப்புக்குச்சி, வெறகு ஏற்கெனவே அடுக்கி வெச்சிருந்தது. நாளைக்கு இன்னொரு ஆலையில ஏதாவது நடந்தா வெறகு அடுக்குறது யாருங்கறதுதான் எனக்குக் கவல, ஏன்னா அந்த வேலைக்கு லைக்கும் கெடையாது சம்பளமும் கெடையாது.

பண்ணைக்காடு, ஒரு அம்மா: பையன் டிகிரி முடிச்சிட்டு 'கொடைக்கானல் நியூஸ்'னு யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறேன்னு கேமராவுக்குக் காசு கேக்குறான். குடுக்கலாமா?

கேமரா வேணாம்மா, ஃபோன் போதும், ஒரு நல்ல மைக்கு வாங்கிக் குடுங்க.

காசுக் கணக்கு இது. பெரிய வீடியோ வழியா போனா 1,000 சப்ஸ்கிரைபரும் 12 மாசத்துல 4,000 மணி நேரம் பாத்த கணக்கும் வந்தாத்தான் விளம்பரக் காசுல பங்கு. அதுக்கப்புறம் பெரிய வீடியோவுல வர்ற விளம்பர வருமானத்துல 55 சதவீதம் சேனலுக்கு, மிச்சம் யூடியூப்புக்கு. தமிழ் வீடியோவுக்கு விளம்பர ரேட்டே கம்மி, அதுலயும் நகராட்சிக் கூட்டத்த எடுத்துப் போட்டா எரநூறு பேரு பாப்பான், 'கொடைக்கானலில் யாருக்கும் தெரியாத பத்து இடம்'னு போட்டா ரெண்டு லட்சம் பேரு பாப்பான், அடுத்த வாரம் அந்த எடத்துல குப்ப கெடக்கும். அப்புறம் ஒரு ரிசார்ட்டுக்காரர் ஃபோன் பண்ணுவாரு, தம்பி வந்து தங்கிட்டு ஒரு வீடியோ போடுங்கன்னு. மாசம் நாலு ரிசார்ட் வந்தா பையன் பொழச்சுக்குவான். ஆனா அதே ரிசார்ட் கழிவுத்தண்ணிய ஓடையில விட்டா அன்னிக்கு அவன் கேமராவுக்குச் சார்ஜு இருக்காது.

பேப்பர் மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. நான் ஆறு வருஷம் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபரா இருந்தேன், பேரு வேணாம். சம்பளம் கெடையாது, செய்திக்கு இவ்ளோ, படத்துக்கு இவ்ளோ. செய்திய எழுதிப் படத்தோட கவர்ல போட்டு மதுர பஸ் கண்டக்டர் கையில குடுத்து அனுப்பணும், பஸ்ஸ விட்டா செய்தி அடுத்த நாளுக்குப் போயிரும். படத்துக்கான காசு எட்டு மாசம் பாக்கி வெச்சாங்க, ஆனா தீபாவளிக்கு மட்டும் விளம்பரம் இவ்ளோ புடிச்சுக் குடுன்னு கணக்கா ஃபோன் வரும். யாருகிட்டப் போய்ப் புடிக்கிறது? ரிசார்ட்டுக்காரர்கிட்டதான்! அதனால உங்க பையன் புதுசா எந்தப் பாவமும் பண்ணப் போறதில்ல.

ஒரே ஒரு வேண்டுகோள். மொத மாசத்துலயே ஒரு நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் கடைசி வரைக்கும் உக்காரச் சொல்லுங்க. புரியலன்னா 10 ரூபா கட்டி 2005 தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடச் சொல்லுங்க, பதில் வந்ததும் அதக் காட்டி ஒரு வீடியோ போடட்டும். எரநூறு பேரு பாப்பான்னு சொன்னேன்ல, அந்த எரநூறு பேருல நானும் ஒருத்தன்.

தாண்டிக்குடி, காபித் தோட்டம்: வெளிநாட்டுல பேப்பருங்க இதுக்கு ஏதாவது வழி கண்டுபுடிச்சாங்களா, இல்ல எல்லாரும் நம்ம மாதிரிதானா?

ஒண்ணு ரெண்டு பேரு. நியூயார்க் டைம்ஸ் 2011ல காசு கட்டுனாத்தான் படிக்கலாம்னு பூட்டு போட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, இப்ப ஒரு கோடி சந்தாதாரருக்கு மேல. ஆனா எப்படின்னு பாருங்க, சமையல் குறிப்புக்குத் தனி ஆப், விளையாட்டுக்குத் தனி ஆப், 2022 ஜனவரியில வேர்டில்னு ஒரு வார்த்தை வெளையாட்ட வாங்கி அதையும் சேத்துக்கிட்டாங்க. மறுபடி பழைய பஸ்ஸேதான், குறுக்கெழுத்துக்காரனும் சமையல்காரியும் டிக்கெட் எடுக்க செய்தி மடியில வருது. மத்தவங்களுக்கு அந்த யோகம் இல்ல.

இன்னொரு வழி, சட்டம். எங்க செய்திய வெச்சு நீ விளம்பரத்துல சம்பாதிக்கிறல்ல, பங்கு குடுன்னு 2021ல ஆஸ்திரேலியா கேட்டுச்சு, ஃபேஸ்புக் அங்க சில நாள் செய்தியவே மறச்சிட்டு அப்புறம் பேசி முடிச்சாங்க. 2023ல கனடாவும் சட்டம் போட்டுச்சு. கூகுள் வருஷத்துக்கு 100 மில்லியன் கனடா டாலர் தர்றேன்னு ஒத்துக்கிச்சு, ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனி மெட்டா முடியாதுன்னு ஆகஸ்ட் மாசம் செய்தி லிங்க் மொத்தத்தையும் தூக்கிருச்சு. அதே மாசம் அங்க காட்டுத்தீ, யெல்லோநைஃப்னு ஒரு ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க, எந்த ரோடு தெறந்திருக்குன்னு செய்தி லிங்க ஃபேஸ்புக்ல பகிர முடியல சனங்களால. வருஷா வருஷம் காட்டுத்தீயப் பாக்குற நமக்கு இத வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

அட்டுவம்பட்டி, காலேஜ் மாணவி: கூகுள்ல தேடுனா இப்ப ஏஐயே மேல பதில் சொல்லிருது, நான் எந்த சைட்டுக்குள்ளயும் போறதே இல்ல. தப்பா சார்?

தப்பில்லமா. நீ உள்ள போகாததால அந்த சைட்டுக்கு வர வேண்டிய விளம்பரக் காசு வரல, அவ்ளோதான். நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பர்ல சாட்ஜிபிடி கம்பெனி ஓப்பன்ஏஐ மேல கேஸ் போட்டது, 2024 நவம்பர்ல நம்ம நாட்டுச் செய்தி நிறுவனம் ஏஎன்ஐ டெல்லி ஹைகோர்ட்டுல போட்டது எல்லாம் எங்க எழுத்தத் தின்னுட்டுப் பேசுதுங்கற சண்டதான். ஆனா பண்ணைக்காட்டுக்கு இன்னிக்கு ஏன் தண்ணி வரலைன்னு ஏஐகிட்ட கேட்டுப் பாரு. யாராவது போய்ப் பாத்து எழுதியிருந்தாத்தான் அதுக்கே தெரியும்.

அண்ணா சாலை, ஹோம்ஸ்டே நடத்துறவர்: 2024ல இ-பாஸ் வந்தப்ப வாட்ஸ்அப் வதந்தியால எனக்குப் பாதி புக்கிங் கேன்சல். இதுக்கு யாருகிட்ட நஷ்டஈடு கேக்குறது?

யாருகிட்டயும் இல்ல. மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு மே 7 தேதியில இருந்து இ-பாஸ்னு ஹைகோர்ட் சொன்னது ஒண்ணு, குரூப்புல வந்தது பத்து. ஒருத்தன் பைக்குக்கு வேணாங்கறான், ஒருத்தன் மலையவே மூடிட்டாங்கறான். பேப்பர் தப்பா போட்டா மறுநாள் ஆறாம் பக்கத்து மூலையில பொடி எழுத்துல 'திருத்தம்'னு வரும், கேவலமா இருந்தாலும் வரும், சட்டையப் புடிக்க ஒரு ஆபீஸ் இருந்துச்சு. ஃபார்வர்டுக்குச் சட்டையே கெடையாது. 2018ல நம்ம தமிழ்நாட்டுலயே புள்ள புடிக்கிறவன்னு வந்த வதந்தியால போளூர் பக்கம் ஒரு வயசான அம்மாவ அடிச்சே கொன்னாங்க, அதுக்கப்புறந்தான் ஒரே நேரத்துல அஞ்சு ஆளுக்கோ குரூப்புக்கோ மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டுச்சு. உங்க புக்கிங் விஷயத்துக்கு, ஹைகோர்ட் உத்தரவு வந்த பேப்பர் கட்டிங்க லேமினேட் பண்ணி ஃபோன்ல படம் புடிச்சு வர்றவங்களுக்கு அனுப்புங்க. சிரிக்காதீங்க, அச்சுல இருந்தா சனம் இன்னும் நம்புது.

வில்பட்டி, அதே அக்கா: நீங்க சரின்னு சொன்னீங்கன்னு அப்படியே விட்டுட்டேன், இப்ப அவருக்குக் காலையில கையும் ஓடல காலும் ஓடல, ஃபோன்ல படிக்கக் கண்ணு தெரியல. மறுபடி போடச் சொன்னா ஏஜென்ட் முடியாதுங்கறாரு. இது என்ன அநியாயம்?

அக்கா, ஏஜென்ட் மேல தப்பில்ல. உங்க தெருவுல முன்னாடி பதினெட்டு வீடு வாங்குனாங்க, நீங்க நிறுத்துனப்ப ரெண்டே வீடு. அந்த மேட்டுல ஒரே ஒரு பேப்பரப் போட பையன் சைக்கிளத் தள்ளிட்டு ஏறணும்னா, அவனுக்குக் குடுக்குற காசு ஒரு மாசப் பேப்பர் கமிஷனவிட அதிகமாயிரும். நான் நேத்து அவருகிட்டப் பேசிட்டேன், உங்க தெருவுல ஆறு வீடு சேந்தா ஆள் அனுப்புறேங்கறாரு. எதிர்த்த வீட்டு மிலிட்டரிக்காரர் வாங்குவாரு, சர்ச் பக்கத்து டீச்சரம்மா குறுக்கெழுத்துக்காக வாங்குவாங்க, டீக்கடை இருக்கு, உங்களோட சேத்தா நாலு. இன்னும் ரெண்டு வீடு நீங்க புடிங்க. அது வரைக்கும் அவர மூஞ்சிக்கல் பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு அனுப்புங்க, நனஞ்ச பேப்பரு அங்க அடுப்புக்கிட்ட இருக்கும்.